விட்ட இடத்தில் நிற்கும் டிராக்டர்

முனீஸ்வரியைப் பற்றி யார் கேட்டாலும் நான் அவள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டிலிருந்துதான் ஆரம்பிப்பேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவன் நாகராஜ், தான் தின்ற தட்டைக் கழுவியவன் இல்லை. தின்ற தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போகிற வம்சம். அப்படிப்பட்டவன் இப்போதெல்லாம் தட்டைக் கழுவித் துடைத்து, அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறான் என்று ஒருநாள் மில் பஸ்ஸில் அவள் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு உள்ளுக்குள் ஏதோ இடித்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருக்கிற பெண்ணிடம் போய் என்னத்தைச் சொல்வது? நல்லது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாங்கள் இரண்டு பேரும் அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு நூல் மில்லில் வேலை செய்கிறோம். நூலைக் கோனில் சுற்றுகிற பிரிவு. விடியுமுன் மில் பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும், பொழுது சாயும்போது கொண்டுவந்து இறக்கிவிடும். பஸ்ஸில் என் பக்கத்து இடம் அவளுடையது. வேறு யாராவது உட்கார்ந்தால் எழுப்பிவிடுவேன். என் பெயர் கனகலட்சுமி, அவளுக்கு நான் கனகக்கா. வயதிலும் மூத்தவள், வாயிலும் மூத்தவள் என்று மில்லில் என்னைச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

முனீஸ்வரிக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேச ஊரில் நிறைய ஆள் இருக்கிறார்கள், நான் பேசப்போவதில்லை. அவளுக்கு இருந்த ஆசை வேறு. அவள் தகப்பனார் கருத்தப்பாண்டி மல்லாங்கிணறு பக்கம் காலமெல்லாம் அடுத்தவர் புஞ்சையில் களை வெட்டியவர். மிளகாய் சிவக்கச் சிவக்கப் பழுத்துக் கிடக்கும். என்னுடையது என்று சொல்லி ஒரு பழம் பறிக்க முடியாது. அதனால் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவர் நிறம் பார்க்கவில்லை, படிப்புப் பார்க்கவில்லை. பையனுக்கு நிலம் உண்டா என்று மட்டும் கேட்டார். நாகராஜுக்கு இருந்தது. திருச்சுழிப் பக்கம், கண்மாயைத் தாண்டி, தகப்பன் வழியில் வந்த கரிசல் புஞ்சை. மழையை நம்பிய நிலம், விதைத்தே பல வருடம் ஆகிவிட்டது. சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. இருந்தாலும் நிலம் நிலம்தானே.

கல்யாணமான மறுவாரமே அவள் அங்கே கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறாள். முள் குத்தும் என்று நாகராஜ் சொல்லியும் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்திருக்கிறாள். முள்ளும் குத்தியது. அந்த வடுவை என்னிடம் பெருமையாகக் காட்டுவாள். ஊரில் இருப்பவர்கள் எல்லாம் நிலத்தை விட்டுவிட்டு டவுனுக்கு ஓடி வருகிறார்கள். இவள் டவுனிலிருந்து நிலத்துக்கு ஓடுவதற்காக மில்லில் நின்றாள். கொஞ்ச காலம் வேலை பார்ப்பது, கருவேலத்தை வேரோடு பிடுங்குவது, ஒரு பண்ணைக்குட்டை வெட்டுவது, பிறகு இரண்டு பேரும் போய் கொத்துமல்லியும் மிளகாயும் போடுவது. இதுதான் அவள் கணக்கு. நாகராஜும் சரி சரி என்று தலையாட்டினான். அவன் தலையாட்டலில் வல்லவன். கெட்டவன் என்றால் எனக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். அவன் இனிக்க இனிக்கப் பேசுகிறவன்.

அப்போது அவனும் எங்கள் மில்லில்தான் இருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்டு. பஜாரில் செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கும் செல்வக்குமார் அவனுக்குக் கூட்டாளி. அவனிடமிருந்து பழைய கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து டிவியில் மாட்டினான். அதில் ஒரு விவசாய ஆட்டம். டிராக்டர் ஓட்டலாம், உழலாம், விதைக்கலாம், அறுக்கலாம். யாரோ எந்தத் தேசத்திலோ செய்த ஆட்டம். அதில் மழை சொன்னபடி பெய்தது, மண் எப்போதும் ஈரமாக இருந்தது. முனீஸ்வரி அதைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பழைய பெட்டி சரியான சோம்பேறி. ஆட்டத்தைப் போட்டால் திரையில் ஒரு டிராக்டர் சக்கரம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தாலும் சுற்றும். உள்ளே தட்டு ஒன்று சுழன்று சுழன்று தேடுகிறது, அதுதான் தாமதம் என்று செல்வக்குமார் சொன்னானாம். அந்தச் சக்கரம் சுற்றுகிற நேரம் முழுக்க இவர்கள் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து பேசுவார்கள். பண்ணைக்குட்டையை எந்தப் பக்கம் வெட்டுவது, வேப்பமரத்தை விடுவதா வெட்டுவதா, காவலுக்கு நாய் வளர்ப்பதா. ஒருநாள் வேப்பமரத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு மறுநாள் பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து வந்தார்கள். எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அந்த ஆட்டத்தில் நாகராஜ் ஒரு காரியம் செய்வான். நிஜ நிலத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் செய்வதைத்தான் அதிலும் செய்வான். எந்த வயலில் இறங்கினாலும் முதல் உழவுச்சால் ஈசானி மூலையில், அதாவது வடகிழக்கு மூலையில்தான் பிடிப்பான். திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வரைபடம் தெரியும். அதைப் பார்த்து டிராக்டரைச் சுற்றிக்கொண்டு அந்த மூலைக்குப் போய், ரிமோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதன் பிறகுதான் கலப்பையை இறக்குவான். முனீஸ்வரி கேலி செய்வாள். பொம்மை நிலமானாலும் நிலம், மூலை மாறினால் விளங்காது என்பான். அவன் பேச்சில் அவள் மயங்கினது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். பொம்மை மண்ணுக்கே இத்தனை மரியாதை கொடுக்கிறவன் நிஜ மண்ணை விட்டுவிடுவானா?

பிறகு ஒரு தை மாதம் அவன் மில் வேலையை விட்டான். பந்தல்குடி ரோட்டில் ஒரு பருத்திக் குடோனில் ராத்திரிக் காவல் வேலை, சம்பளம் கூட, நிலத்துக்குச் சீக்கிரம் போய்விடலாம் என்றான். இவள் விடியுமுன் கிளம்புவாள், அவன் காலையில் வருவான். இவள் வீடு திரும்புமுன் அவன் வேலைக்குப் போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் முகம் பார்ப்பது. அவள் வருத்தப்பட்டாள். வருத்தத்தை ஆற்றுவதற்காக மாசி மாதம் அவன் ஒரு புதுப் பெட்டி வாங்கி வந்தான். குடோனில் போனஸ் கொடுத்தார்கள் என்றான். சேர்ந்த அடுத்த மாதமே எந்தக் குடோனில் போனஸ் கொடுக்கிறார்கள் என்று நான் கேட்டேன். பெரிய இடம் அக்கா என்றாள்.

செல்வக்குமார் வந்து மாட்டிக் கொடுத்தானாம். இதில் தட்டு சுழலாது, வெறும் சில்லு, தேடவே தேடாது, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆட்டம் வந்துவிடும் என்றானாம். அதைவிடப் பெரிய விஷயம், பொத்தானை அமுக்கி அணைத்துவிட்டுப் போனால், அடுத்த முறை போடும்போது விட்ட இடத்திலேயே நிற்கும். ஆட்டத்துப் பண்ணை வீட்டு வாசலில் இருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். பாதிச் சாலில் விட்டால் பாதிச் சாலில், கலப்பை மண்ணுக்குள் இருக்க, என்ஜின் உறுமிக்கொண்டு. அணைத்துவிட்டு வயரையே பிடுங்கி மறுநாள் சொருகினாலும் மறக்காது. இடையில் வேறு ஆட்டம் போட்டு விளையாடிவிட்டு வந்தாலும் இது தன் இடத்தில் அப்படியே காத்திருக்கும்.

நாகராஜ் அதை வைத்து அழகாக ஒரு ஏற்பாடு சொன்னான். நாம் ஒருத்தரையொருத்தர் பார்க்க முடியாவிட்டால் என்ன? நீ சாயங்காலம் உழு, விட்ட இடத்திலிருந்து நான் மத்தியானம் எழுந்து உழுகிறேன். ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே பண்ணை. தினம் வயல் கொஞ்சமாவது நகரவேண்டும். நம் நிலத்துக்குப் போகிற வரைக்கும் இதுதான் நம் நிலம். இதைச் சொல்லும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டானாம். நான் நேரில் பார்த்திருந்தால் அந்தக் கையைத் தட்டிவிட்டிருப்பேன்.

அன்றிலிருந்து அவளுக்கு மில் ஒரு பொருட்டாகவே இல்லை. கழுத்தெல்லாம் பஞ்சு ஒட்ட நின்று வேலை செய்வாள், மனசு வீட்டில் இருக்கும். சாயங்காலம் போனதும் காபிகூடப் போடாமல் பெட்டியைத் தட்டுவாள். அவள் விதைத்துவிட்டுப் போன வயல் உரம் போட்டுக் கிடக்கும். அறுத்துவிட்டுப் போனது குதிரில் சேர்ந்திருக்கும். அவள் வேண்டுமென்றே கடைசிச் சால் ஒன்றை உழாமல் அவனுக்கு விட்டு வைப்பாள். மறுநாள் அந்தச் சால் உழுது முடிந்து, டிராக்டர் கொட்டகையில் ஒழுங்காக நிற்கும். ராத்திரி அவன் போனில் கூப்பிடும்போது வயலைப் பற்றிக் கேட்பாள். உழுதுட்டேன், உழுதுட்டேன் என்பான், குடோனில் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தொடவே மாட்டான். வாரம் பூரா அதைத்தானே பார்க்கிறேன் என்று சொல்லிப் படுத்துத் தூங்குவான்.

விடியற்காலை கிளம்புமுன் அவனுக்குச் சோறாக்கி மூடி வைத்துவிட்டு வருவாள். அந்தத் தட்டுதான் கழுவிக் கவிழ்ந்து கிடந்தது.

சூரியகாந்தியும் அப்போதுதான் வந்தது. ஆட்டத்தில் பண்ணை வீட்டு வாசலுக்கு முன்னால் ஒரு வெறும் தரை. அவள் தினமும் அங்கேதான் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அணைப்பாளாம். ஒருநாள் பெட்டியைப் போட்டால் அந்தத் தரையில் வரிசையாகச் சூரியகாந்தி முளை. அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சில நாளில் பூத்து, வாசல் மஞ்சளாகிவிட்டது. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"வாயத் தொறந்து பிரியமா ஒரு வார்த்த சொல்ல மாட்டாகக்கா. இப்படித்தான் சொல்றாக."

அந்த ஆட்டத்தில் மல்லி கிடையாது, மல்லி மட்டும் இருந்திருந்தால் அதைத்தான் போட்டிருப்பார் என்றும் சொன்னாள். எனக்கே கொஞ்சம் இளகிவிட்டது. தட்டு கழுவுகிறான், பூ நடுகிறான், ஒருவேளை மனுஷன் மாறியே விட்டானோ என்று நினைத்தேன்.

சித்திரை வெயில் உச்சத்தில் இருந்தபோது ஒருநாள் அவர்கள் தெருவில் மத்தியானம் தண்ணீர் வந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் குழாயில் தண்ணீர் வருவது என்பது ஒரு விசேஷம். வழக்கமாகக் காலையில் வரும், நாகராஜ் பிடித்து வைப்பான் என்பது அவள் நம்பிக்கை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் குடம் எல்லாம் காய்ந்து கிடக்கிறது. எதிர்வீட்டு வெள்ளைத்தாய் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். உள்ளே டிவி சத்தம் கேட்டது, தண்ணி வந்திருக்கு என்று கதவைத் தட்டினேன், சத்தம் சட்டென்று நின்றது, ஆள் வெளியே வரவில்லை, இவ்வளவு தூக்கமா உன் புருஷனுக்கு என்று கேட்டிருக்கிறாள்.

முனீஸ்வரி கடுப்போடு உள்ளே போய்ப் பெட்டியைப் போட்டாள். போட்ட உடனே டிராக்டர் எழுந்தது. கொட்டகையில் இல்லை. வயலுக்கு நடுவில், கலப்பை இறங்கியபடி, பாதிச் சாலில் நின்றது. வெள்ளைத்தாய் கதவைத் தட்டிய அந்த நிமிஷத்தில் அணைத்தது அப்படியே காத்திருந்து அவள் முன்னால் உறுமியது. முடிந்த வயலைப் பார்த்து எங்கே தொடங்கினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. இது முடியாத வயல். உழுத மண் எல்லாம் தென்மேற்கில், கன்னி மூலையில் கிடந்தது. ஈசானி மூலையில் புல் அப்படியே நின்றது.

மறுநாள் பஸ்ஸில் அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, அவுக கன்னி மூலையில சால் பிடிக்க மாட்டாக," என்றாள். தூக்கக் கலக்கமாக இருக்கும் என்று நான் சமாளித்துப் பார்த்தேன். "தூக்கத்துலகூட பிடிக்க மாட்டாக," என்றாள்.

பிறகு தட்டைப் பற்றி அவளே பேசினாள். பேசப் பேச அவளுக்கே ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் சூப்பர்வைசரிடம் எனக்கு வயிற்றுவலி, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு முனீஸ்வரி வரவேண்டும் என்று சொன்னேன். என் வயிற்றுவலிக்கு மில்லில் நல்ல பெயர் உண்டு, உடனே விட்டுவிட்டார்.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. டிவியில் டிராக்டர் சத்தம். அவள் தட்டியதும் சத்தம் நின்றது. "நான்தான், தெறங்க," என்றாள். பிறகு தாழ்ப்பாள் விலகியது. செல்வக்குமார் நின்றான். கையில் அவள் வீட்டுத் தட்டு, கழுவிய ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

முனீஸ்வரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தாள்.

"சாப்ட்டது நீங்களா தம்பி?"

"ஆமா மதினி."

"எப்பலேர்ந்து?"

"பெட்டி வந்த மறுவாரத்துலேர்ந்து மதினி. அண்ணன்தான் சாவி குடுத்தாரு."

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு பெண் இல்லாத வீட்டில் வந்து உட்கார்ந்து அவள் சோற்றைத் தின்ன வெட்கமாக இல்லையா என்று கேட்டேன், இன்னும் அச்சில் ஏற்ற முடியாததும் கேட்டேன். அவன் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். நாகராஜ் பகலில் வீட்டுக்கு வருவதே இல்லை. தண்ணீர் வருகிற காலையில் மட்டும் எட்டிப் பார்த்துக் குடத்தை நிரப்பிவிட்டுப் போவான். கடையில் மத்தியானம் ஆள் வராது, நீ போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வயலை நகர்த்திவிட்டு வா, சோறும் வீணாகாது என்று இவனிடம் சொல்லியிருக்கிறான். வயல் நகரவில்லை என்றால் அவள் கேள்வி கேட்பாள் என்றானாம். இவன் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, பிறந்ததிலிருந்து டவுன். ஈசானி மூலையைப் பற்றி இவனுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

"அவுக எங்க?" என்று கேட்டாள்.

திருச்சுழிப் பக்கம் என்றான். சோலார் கம்பெனி வேலை என்றான். எந்த இடத்தில் என்று அவள் மறுபடி கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவரு நெலத்துலதான் மதினி."

வாசலில் நின்ற அவள் ஸ்கூட்டியில் நான் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் கருவேலங்காடு, அங்கங்கே விறகை எரித்துக் கரியாக்குகிற மூட்டப் புகை. நான் பேசிக்கொண்டே போனேன், என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை. அவள் அந்த நிலத்துக்குப் போகிற வழியில் ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. கண்மாய்க் கரையிலிருந்து இறங்கியதும் வண்டியை நிறுத்தினாள்.

கருவேலம் ஒன்றுகூட இல்லை. அவள் இத்தனை வருடம் பிடுங்கவேண்டும் பிடுங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்ததை யாரோ சுத்தமாகப் பிடுங்கியிருந்தார்கள். வேப்பமரமும் இல்லை. தரை சமமாகக் கிடந்தது, சுற்றிக் கம்பி வேலி, உள்ளே கண்ணுக்கெட்டின தூரம் சோலார் தகடு மாட்டுகிற இரும்புக் கால்கள் வரிசை வரிசையாக நட்டிருந்தன. இவர்கள் நிலம் எங்கே முடிகிறது, அடுத்தவர் நிலம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல ஒரு வரப்புகூட மிஞ்சவில்லை. ஆனால் முனீஸ்வரி நேரே ஒரு மூலைக்குப் போய் நின்றாள். அது ஈசானி மூலை. முதல் கால் அங்கேதான் நட்டிருந்தது. அதில் மஞ்சளும் குங்குமமும் தடவி, மாலை போட்டு, மாலை வாடிச் சருகாகியிருந்தது. கீழே தேங்காய் ஓடு கிடந்தது. அவன் வழக்கத்தை விடவில்லை. கம்பெனிக்குக் கொடுக்கும்போதும் சரியான மூலையில் தொடங்கித்தான் கொடுத்திருக்கிறான்.

தண்ணீர் லாரி நிழலில் மஞ்சள் தொப்பியோடு நாலு பேர் நின்றார்கள். அதில் ஒருவன் நாகராஜ். எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தான். இந்த வெயிலில் ஏன் வந்தாய் என்றுதான் முதலில் கேட்டான். அக்கறைக்குக் குறைச்சல் இல்லை.

அவன் சொன்னதை எல்லாம் எழுதினால் எனக்குத்தான் ஆத்திரம் வரும். மழையை நம்பி இந்தக் கரிசலில் யார் வாழ்ந்தார்கள், வெயிலாவது ஏமாற்றாமல் அடிக்கிறது, அதைத்தான் கொடுத்திருக்கிறேன் என்றான். விற்கவில்லை, குத்தகைதான் என்றான். அந்தக் குத்தகை முடியும்போது இரண்டு பேருக்கும் பல் இருக்காது, அதை அவன் சொல்லவில்லை. பருத்திக் குடோன் என்று ஒன்றே கிடையாது. ராத்திரி இங்கேதான் சாமான்களுக்குக் காவல், பகலில் கம்பெனி ஆட்களோடு ஊர் ஊராகப் போய் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கித் தருகிற வேலை. உனக்கு நிலத்தின் மேல் பைத்தியம், சொன்னால் அழுவாய், நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன் என்றான். உன் சந்தோஷத்துக்காகத்தான் என்று இரண்டு தடவை சொன்னான். ஒரு தடவை சொல்லியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன்.

முனீஸ்வரி கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"எப்ப கையெழுத்துப் போட்டீக?"

"தையில."

"பெட்டி மாசியில வந்துச்சு."

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போனஸ் என்று சொன்னது இந்த நிலத்தின் அட்வான்ஸ். நிலத்தைக் கொடுத்து, அந்தக் காசில் நிலம் மாதிரி ஒன்றை வாங்கி வந்து அவள் கையில் கொடுத்திருக்கிறான். அவள் அதில் உழுத ஒவ்வொரு சாலும் நிலம் போன பிறகு உழுதது. நம் நிலத்துக்குப் போகிற வரைக்கும் இதுதான் நம் நிலம் என்று கையைப் பிடித்துச் சொன்னானே, அன்றைக்கே அவனுக்குத் தெரியும். எனக்கு அவனை நாலு அறை அறையவேண்டும் போல் இருந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்குக் கேட்கவேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

"ஆட்டத்துல, வீட்டு வாசலுக்கு முன்னாடி வரிசையா நட்டிருந்தீகளே. அது என்னது?"

அவன் என்னை ஒரு தரம் பார்த்தான், அவளைப் பார்த்தான். பழைய நாகராஜ் முகத்துக்குத் திரும்பி வந்தான். சிரித்தான்.

"மல்லிதான? ஒனக்குப் பிடிக்குமேன்னுதான் போட்டேன்."

அந்த ஆட்டத்தில் மல்லி கிடையாது.

நிலம் போனதற்குக் கண் கலங்காதவள் அப்போதுதான் அழுதாள். சத்தம் போடவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போகலாம் அக்கா என்றாள். அவன் வேலி வரைக்கும் பின்னாலேயே வந்தான். என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவனுக்குத் தெரியவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் இப்போது மல்லாங்கிணற்றில் தகப்பனார் வீட்டில் இருக்கிறாள். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, எங்கள் மில் பஸ்ஸைப் பிடிக்கிறாள். மாதாமாதம் குத்தகைப் பணம் அவள் பெயருக்குப் போடுகிறேன் என்று நாகராஜ் சொல்லியனுப்பினான், வேண்டாம் என்றுவிட்டாள். பெட்டியைச் செல்வக்குமார் கடையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டாள். அவன் ஒரு தரம் மன்னிப்புக் கேட்க வந்து, கேட்காமலே திரும்பிப் போனான். அவன்மீது அவளுக்குக் கோபம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

போன வாரம் நாகராஜ் மில் வாசலுக்கே வந்துவிட்டான். ஷிப்டு விட்டுப் பெண்கள் எல்லாம் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவன் நன்றாகத்தான் உடுத்தியிருந்தான். ஓரமாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், அவனுக்கே உரிய அந்த இனிப்போடு பேசினான். நான் பஸ் படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன், நகரவில்லை.

"நடந்தது நடந்துபோச்சு முனி. விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிப்போம்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"விட்ட எடத்துல நீங்க இல்லையே," என்றாள். "அங்க இருந்தது செல்வக்குமாரு."

பிறகு படியேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.